மூச்சு வாங்கும் வேலை

என் அம்மா செத்துச் செத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். மிகைப்படுத்தவில்லை. அவள் டப்பிங் கலைஞர். திரையில் யாராவது மூச்சுத் திணறிச் சாக வேண்டுமென்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீரில் மூழ்கிச் சாவது, மாடியிலிருந்து தள்ளப்பட்டுச் சாவது, மகனிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லத் தொடங்கி முக்கியமான இடம் வரும்போது சரியாகச் சாவது என எல்லா வகையிலும் கை தேர்ந்தவள். சாகாத நாட்களில் பேய்க்குப் பயந்து ஓடுவாள். பேயும் விடுமுறையில் இருந்தால் பிரசவ வலி.

முன்பெல்லாம் அவள் இப்படிச் செத்துப் பிழைத்தவள் இல்லை. அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது ராணியம்மா. வேறு மொழியிலிருந்து வந்த அரண்மனைத் தொடர் ஒன்றின் வில்லி அவள். ஒவ்வொரு பகுதியும் ராணியம்மா சிரிப்பதோடுதான் முடியும். அந்தச் சிரிப்பு என் அம்மாவுடையது. தெருவில் எங்கள் வீட்டைக் கடக்கும்போது குழந்தைகள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். பள்ளியில் என்னை ஒருவனும் அடித்ததில்லை. எனக்கு அம்மாவால் கிடைத்த மிகப் பெரிய சொத்து அதுதான்.

பிறகு அந்தச் சிரிப்பு சுருங்க ஆரம்பித்தது. நீளமாகப் போய்க்கொண்டிருந்த சிரிப்பு நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கியது. பிறகு அடிக்கடி வாங்கியது. கடைசியில் ராணியம்மா சிரிக்கிறாளா, விக்கிக்கொண்டிருக்கிறாளா என்று அரண்மனைக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தொண்டை சரியில்ல" என்றாள் அம்மா. தொடரை ஒரு புதுப் பெண்ணிடம் கொடுத்தார்கள். நல்ல குரல்தான். ஆனால் அவள் சிரித்தால் ராணியம்மாவுக்கு யாரோ கிச்சுகிச்சு மூட்டியது போலிருக்கும்.

அம்மாவுக்கு மூச்சிரைக்கும் வேடங்கள் வந்தது அப்போதுதான். வந்தன என்பதைவிடக் குவிந்தன என்பதே சரி.

"அக்கா மாதிரி யாருக்கும் மூச்சிரைக்க வராது. அவ்வளவு இயற்கை!" என்பார் டப்பிங் இயக்குநர். அவருக்கு ஸ்டுடியோவில் 'இன்னொண்ணு' என்று பெயர். எத்தனை நன்றாகப் பேசினாலும் "நல்லாருக்கு, இன்னொண்ணு போலாம்" என்பார். அவருடைய திருமணத்தில் தாலி கட்டிய பிறகும் அப்படித்தான் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. உறுதிப்படுத்த முடியவில்லை.

அந்த இயற்கையின் ரகசியம் மிக எளிது. அம்மா நடிக்கவில்லை.

ஸ்டுடியோ ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தை அச்சு இயந்திரத்துக்கு மேலே வைக்கலாம் என்று முடிவெடுத்த மேதை யாரென்று தெரியவில்லை. படிகள் செங்குத்தாக இருக்கும். நான் துணைக்குப் போகும்போதெல்லாம் அம்மா பாதிப் படியில் நின்று கைப்பையைத் திறந்து சாவி தேடுவாள். ரொம்ப நேரம் தேடுவாள். ஸ்டுடியோவுக்கு அவளிடம் சாவியே கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கல்லூரியில் முதல்வரின் வழுக்கை வரை ஒன்றுவிடாமல் கவனித்துக் கேலி எழுதுகிறவன் நான்.

உண்மை வெளிவந்தது ஒரு பிரசவக் காட்சியில். அம்மா மைக் முன்னால் நின்று துடித்தாள், முனகினாள், மூச்சுக்குத் தவித்தாள், அப்படியே சரிந்து விழுந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்னொண்ணு எழுந்து நின்று கைதட்டினார். "ஓக்கே!" என்றார். அவர் வாழ்க்கையில் முதல் டேக்கிலேயே ஓக்கே சொன்னது அன்றுதான். அம்மா எழுந்திருக்கவில்லை. ஒலிப்பதிவாளர்தான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். அவரை எல்லோரும் 'காது' என்பார்கள். பக்கத்து அறையில் யாராவது கொட்டாவி விட்டால், விட்டது யார் என்று சொல்லிவிடுவார்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். மயங்கி விழுந்தது படத்தில் அப்படியே இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள்.

*

இதய மருத்துவர் ஒரு பெண்மணி. கறாரானவர், ஆனால் பொறுமைசாலி. அப்பாவுக்கு விளக்க அவருக்குப் பொறுமை தேவைப்பட்டது.

"பி.பி. நார்மல்னு எழுதியிருக்கே டாக்டர்?" என்றார் அப்பா.

"கைல பட்டை கட்டிப் பாக்குற பி.பி. நார்மல். இது நுரையீரல்ல இருக்கிற பிரஷர். அது தனிக் கணக்கு. தியேட்டர்ல படம் விட்டதும் வெளிய போற கதவைப் பாதி மட்டும் திறந்து வெச்சா என்ன ஆகும்?"

"நெரிசலாகும்."

"அதேதான். இவங்க இதயத்துல ஒரு வால்வு இறுகிப்போய்ப் பாதிதான் திறக்குது. ரத்தம் முன்னால போக முடியாம பின்னால நுரையீரல்ல முட்டி நிக்குது. வருஷக்கணக்கா நின்னுருக்கு. சின்ன வயசுல தொண்டை வலியோட காய்ச்சல், மூட்டு வீக்கம் ஏதாவது வந்துச்சாம்மா?"

"வந்துச்சு டாக்டர். கணக்குப் பரீட்சைக்கு லீவு போட்டேன். அப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

"அதுதான் இப்ப வந்து நிக்குது" என்றார் டாக்டர். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு சிறிய வளையங்களை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பாகப் பளபளத்தது. மற்றது வெள்ளைத் துணி சுற்றியது.

"வால்வை மாத்தணும். இது உலோகம். ஆயுசுக்கும் உழைக்கும். ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடணும், அடிக்கடி ரத்தம் பாக்கணும். இது திசு வால்வு. அந்த மாத்திரைத் தொல்லை குறைவு. ஆனா சில வருஷத்துல தேஞ்சிரும். மறுபடி நெஞ்சைத் திறக்கணும். உங்க நுரையீரல் இருக்கிற நிலைமைக்கு ரெண்டாவது ஆபரேஷன் லேசுப்பட்டது இல்ல."

"உலோகம்தான்" என்றார் அப்பா உடனே. அப்பா டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளர். அவர் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்காக அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் மிதித்தே வாழ்ந்தவர் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். அன்று டாக்டர் அறைத் தரையே பள்ளமாகும் போலிருந்தது.

"கொஞ்சம் சும்மா இருங்க. உதிரி பாகம் இல்ல, என் நெஞ்சு" என்ற அம்மா, கறுப்பு வளையத்தைக் கையில் எடுத்து ஆட்டினாள். அது டிக் என்றது. அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"டாக்டர், இது உள்ள போன பிறகும் இப்படிச் சத்தம் போடுமா?"

"லேசா. அமைதியான ரூம்ல கேக்கும்."

"நான் வேலை பாக்குறதே அமைதியான ரூம்லதான் டாக்டர். மைக்குல கேக்குமா?"

"என் பேஷண்ட் யாரும் மைக் முன்னால நின்னதில்லம்மா."

இதுதான் சிக்கல். சத்தமில்லாத வால்வைப் போட்டால் குரல் பிழைக்கும், ஆனால் இன்னொரு முறை கத்திக்குக் கீழே படுக்க வேண்டும். உழைக்கும் வால்வைப் போட்டால் ஆள் பிழைப்பாள், பிழைப்பு போய்விடலாம். அம்மா இரண்டு வளையங்களையும் மாறி மாறிப் பார்த்தாள், துணிக்கடையில் பார்ப்பது போல. பிறகு கறுப்பை டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"இதையே போடுங்க. இந்த வைத்தியத்துலயும் இன்னொண்ணு போலாம்னு எவனாவது சொன்னா என்னால தாங்க முடியாது."

*

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா கண் விழித்த வார்டில் அப்பா முதலில் செய்த காரியம், கடிகாரத்தைத் தேடியதுதான். "எங்கேயோ டிக் டிக்குனு கேக்குதுடா. நோயாளிங்க தூங்க வேண்டாமா?" என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். அம்மா உலர்ந்த உதட்டோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். டிக் டிக் பலமாகக் கேட்டது. மூடினாள். குறைந்தது. மறுபடி திறந்தாள். அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவுக்கு வாயைத் திறந்து மூடுவது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு புதிய ஆட்சி தொடங்கியது. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் கனம் தூக்கக் கூடாது, கையை உயர்த்தக் கூடாது, இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். தலை வாரிவிடும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் செய்தார். "லெஃப்ட்ல திரும்பு. மெதுவா. நேரா வா. நேரா. போதும், நிறுத்து." பின்னல் மட்டும் எந்தச் சாலை விதிக்கும் கட்டுப்படவில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையின் கணக்கைக் கீரை கெடுக்கும் என்பதால், அதைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ரத்தம் நீர்த்தும் இருக்க வேண்டும், ரொம்பவும் நீர்த்துவிடக் கூடாது. பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் பெண் எங்கள் வீட்டு உறவினர் போலவே ஆகிவிட்டாள்.

எனக்கென்று ஒரு சட்டமும் வந்தது. சிரித்தால் கம்பி இழுத்து அம்மாவுக்கு வலிக்கும் என்பதால் வீட்டில் ஜோக் அடிக்கத் தடை. கல்லூரியில் ஏற்கெனவே அமலில் இருந்த தடைதான். எனவே சிரமமில்லாமல் பழகிக்கொண்டேன்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கூண்டுக்குள் மூன்று பந்துகள். குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். அம்மா இழுத்தாள். பந்துகள் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல அசையாமல் உட்கார்ந்திருந்தன. "மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்று அப்பா வாங்கி ஓர் இழுப்பு இழுத்தார். மூன்றும் உச்சியில் போய் முட்டின. அன்று முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை. மறுநாள் முதல் பந்து ஏறியது. கோபம் நல்ல மருந்து.

இரண்டாவது பந்து நெடுநாள் அடம் பிடித்து ஏறியது. மூன்றாவது ஏறவே இல்லை. பாதி வரை வரும், நின்று யோசிக்கும், இறங்கிவிடும்.

"வால்வு நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டர் பரிசோதனையில். "நுரையீரல் பிரஷரும் இறங்கியிருக்கு. ஆனா முழுசா இல்ல. அங்க இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் வருஷக்கணக்கா இறுகிப் பழகிருச்சு. கதவைத் திறந்துட்டோம்னு நெரிசல் உடனே கலையாது. ஒரு மாத்திரை தரேன்."

அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். உலகம் முழுக்க ஆண்கள் அதை வாங்குவது வேறு ஒரு காரணத்துக்கு. நுரையீரலுக்கும் அது கொடுக்கப்படும் என்பது எங்கள் தெரு மருந்துக்கடை மாமாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அப்பா சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு, பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனார். போய்ச் சத்தமாகச் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருக்கு?" என்றார் தாழ்ந்த குரலில்.

"வீட்டுக்குத்தான்" என்றார் அப்பா. "ஒரு நாளைக்கு மூணு வேளை."

மாமா கையில் இருந்த மருந்து அட்டை நழுவிக் கீழே விழுந்தது. அன்று முதல் அப்பா அந்தக் கடைக்குப் போனால் மாமா எழுந்து நிற்கிறார். உட்கார நாற்காலி போடுகிறார். மற்ற வாடிக்கையாளர்கள் காத்திருக்க, அப்பாவை முதலில் அனுப்புகிறார். தனக்கு ஏன் இந்தத் திடீர் மரியாதை என்று அப்பாவுக்குப் புரியவில்லை. "மனைவியைப் பாத்துக்கிற புருஷன்னா அவருக்குத் தனி மதிப்பு போல" என்று என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன். அம்மாவிடம் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் தடை அமலில் இருந்தது. விஷயத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

*

இன்னொண்ணுவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ராணியம்மா சாகப் போறாங்க. கடைசிப் பகுதி. அரண்மனை பத்தி எரியும்போது நடுவுல நின்னு சிரிச்சுக்கிட்டே சாவாங்க. நீண்ட சிரிப்பு. புதுப் பொண்ணு பேசிப் பாத்துச்சு, தயாரிப்பாளருக்குப் பிடிக்கல. உங்களால முடியுமா? சரியா வந்தா அடுத்த தொடரும் உங்களுக்குத்தான். முடியலன்னா சொல்லிருங்க, அந்தப் பொண்ணையே வெச்சு ஒப்பேத்திக்கிறேன்."

"முடியும்" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "வால்வைப் பத்தி எவனும் வாயைத் திறக்கக் கூடாது. நானும் முடிஞ்ச வரைக்கும் திறக்க மாட்டேன்."

"டப்பிங் பேசப் போற. வாயைத் திறக்காம எப்படி?" என்றார் அப்பா.

அம்மா அப்பாவின் தடித்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேலே ஒரு சால்வை. கையில் இருமல் தலையணை. சத்தத்தை அமுக்கும் ஏற்பாடு. வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் மலையேறப் போகும் ஒரு பெண்மணியை வியப்போடு பார்த்தார்கள்.

பாதிப் படியில் அம்மா நின்றாள். கை பழக்கத்தில் கைப்பைக்குப் போனது. பிறகு அதை மூடினாள். "மூச்சு வாங்குது. அதான் நிக்கிறேன்" என்றாள் யாரிடமோ சொல்வது போல. நின்றாள். மிச்சப் படிகளை ஒரே மூச்சில் ஏறினாள்.

மைக் முன்னால் போய் நின்றதும் காது கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். எங்கேயோ கடிகாரம் ஓடுது."

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கீழே அச்சகத்துக்கு அனுப்பினார்கள். திரும்பவும் பதிவு. "இன்னும் ஓடுது." இன்னொண்ணுவின் கைக்கடிகாரம் கழன்றது. அப்பாவுடையதும் கழன்றது. சோதனைக்கு ஃபேனை நிறுத்தினார்கள். வராந்தாவில் இருந்த ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். அம்மா தலையணையை இறுக்கிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போல உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா விளையாட்டு இது!" என்று இன்னொண்ணு கத்தினார். "நேரம் போய்க்கிட்டே இருக்கு! யார் பையில கடிகாரம் இருக்கு? உண்மையைச் சொல்லுங்க!"

காது ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவர் முகம் மாறியது. மெதுவாகக் கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, இவர் கத்தினா இந்தக் கடிகாரம் வேகமா ஓடுதே."

டிக் டிக் மட்டும் பேசியது. அம்மா தலையணையை இறக்கினாள்.

"இவர் கத்தினா இங்க எல்லாருக்கும்தான் தம்பி வேகமா ஓடும். என்னோடது வெளிய கேக்குது, அவ்வளவுதான்."

விஷயத்தைக் கேட்டதும் இன்னொண்ணு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கவலை வேறு. "அக்கா, அது ராஜா காலத்துக் கதை. அரண்மனைல கடிகாரமே கிடையாதே!"

"பேசும்போது பிரச்சனை இல்ல சார்" என்றார் காது. "வசனத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை நான் வெட்டிருவேன். பேச்சு ஓடும்போது டிக் அடியில அமுங்கிரும். சிரிப்புதான் இடிக்குது. சிரிப்புக்கு நடுவுல மூச்சு வாங்கினா, வாய் திறந்திருக்கும், அந்த இடத்துல டிக் உக்காந்துரும். அதை வெட்டினா சிரிப்பே துண்டாயிரும்."

"அப்ப?"

"நடுவுல மூச்சே வாங்காம, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே இழுப்பு. அப்படிச் சிரிச்சா டிக்குக்கு உள்ள நுழைய இடமே இருக்காது."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். எரியும் அரண்மனை நடுவில் ராணியம்மா தலையை அண்ணாந்து சிரிக்கிறாள். கேமரா அவளை நிதானமாகச் சுற்றி வருகிறது. எந்த அவசரமும் இல்லை அந்தக் கேமராவுக்கு. நல்ல காலத்தில்கூட அம்மா அவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் சிரித்ததில்லை.

"புதுப் பொண்ணைக் கூப்பிட்டு விடவா அக்கா?" என்றார் இன்னொண்ணு, நிஜமான தயவோடு. அதுதான் அம்மாவைச் சுட்டிருக்க வேண்டும்.

ஸ்வெட்டரைக் கழற்றினாள். சால்வையைத் தூக்கி மூலையில் போட்டாள். தலையணை மட்டும் நெஞ்சில். "ஓட்டுங்க" என்றாள்.

முதல் முறை பாதியில் அறுந்தது. மூச்சு வாங்கிய இடத்தில் டிக். "நல்லாருக்கு, இன்னொண்ணு." அடுத்த முறை இன்னும் சற்றுத் தூரம் போனது, கேமரா ராணியம்மாவின் முதுகுக்கு வந்தபோது அறுந்தது. அம்மா முகம் வெளுத்திருந்தது. அப்பா எழுந்து, "போதும்மா. வீட்டுக்குப் போலாம்" என்றார். கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

அம்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி உதட்டைக் குவித்து, பொறுமையாக மூச்சை விட்டாள். வெளுப்பு மெல்லக் குறைந்தது. பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"பொய்ச் சிரிப்பா வருது. அதுக்கு மூச்சு நிறைய செலவாகுது. டேய், தடையை எடுத்துட்டேன். ஏதாவது சொல்லு."

வருடம் முழுக்க யாரும் கேட்காமலே பேசி, கேட்டவர்களிடம் திட்டு வாங்கியவன் நான். என்னிடம் ஒருவர் தாமாகவே ஜோக் கேட்பது அதுவே முதல் முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்குக் கேட்கும்படி பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, உன் நுரையீரல் மாத்திரை இருக்குல்ல? அதை அப்பா எப்படி வாங்குறார் தெரியுமா?"

"எப்படி?"

"சீட்டு இல்லாம. சத்தமா. யாருக்குன்னு கேட்டா, வீட்டுக்குத்தான், மூணு வேளைன்னு சொல்லி."

அம்மாவின் புருவம் உயர்ந்தது. காது சட்டென்று பதிவைத் தொடங்கினார். திரை ஓட ஆரம்பித்தது.

"மருந்துக்கடை மாமா இப்ப அப்பாவைப் பாத்தா எழுந்து நிக்கிறார். நாற்காலி போடுறார். நேத்து என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'தம்பி, உங்கப்பா என்ன சாப்பிடுறார்?'னு விசாரிச்சார்."

எனக்குப் பின்னால் அப்பா, "என்னது?" என்றார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. நாற்காலி, மரியாதை, முதல் ஆளாக மருந்து, எல்லாம். தரையில் பிரேக்கைத் தேடினார். கிடைக்கவில்லை.

அம்மா சிரித்தாள். முதலில் வெடித்தது ஒரு மனைவியின் சிரிப்பு. அது நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வருவதற்குள் அவள் அதைக் கையில் பிடித்துவிட்டாள். கீழே இறக்கினாள், இருட்டாக்கினாள், ராணியம்மாவுடையதாக்கினாள். கேமரா சுற்றியது. தோளைக் கடந்தது, முதுகைக் கடந்தது, முன்பு அறுந்த இடத்தையும் கடந்தது. சிரிப்பு அறுபடவில்லை. கூரை இடிந்து விழுந்தது, சிரிப்பு அறுபடவில்லை. மூன்றாவது பந்து எங்கோ உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது போலிருந்தது. தலையணை எப்போதோ கீழே விழுந்திருந்தது. திரையில் ராணியம்மா சிரித்து முடித்து வாயை மூடிக்கொண்டாள். அம்மா மூடவில்லை. அந்த அரண்மனையை, அந்தப் படிகளை, பந்துகளை, விக்கிப்போன தன் பழைய சிரிப்பை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நின்றது. நின்ற பிறகு, நிதானமாக, டிக் டிக் டிக்.

காது ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். "சுத்தமா இருக்கு. ஒரு டிக் இல்ல" என்றார். எல்லோரும் இன்னொண்ணுவைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"அந்த ராணி வாயை மூடுற இடத்தை வெட்டிடு" என்றார் கடைசியில். "அக்கா சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அரண்மனை எரியட்டும்."

*

அடுத்த தொடர் அம்மாவுக்கே வந்தது. மாத்திரை தொடர்கிறது. மருந்துக்கடைக்கு அப்பா இப்போது சீட்டோடு போகிறார். மாமா நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு அதில் சின்ன வருத்தம். படியில் அம்மா இன்னும் ஒரு முறை நிற்கிறாள். அச்சகத்து ஆட்களோடு ஊர்க்கதை பேசுகிறாள். நின்றது மூச்சுக்கா கதைக்கா என்று கேட்டால் இரண்டுக்கும் என்கிறாள்.

போன வாரம் இன்னொண்ணு அவசரமாகக் கூப்பிட்டார். ஒரு படத்தில் பேய்க்குப் பயந்து ஓடும் பெண். மூச்சிரைக்க வேண்டும். "இதெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு அக்கா" என்றார்.

அம்மா மூச்சிரைத்துக் காட்டினாள். "நல்லாருக்கு, இன்னொண்ணு." மறுபடி இரைத்தாள். "இன்னொண்ணு." இரைத்து இரைத்துப் பார்த்தாள். காது தலையை ஆட்டினார். இன்னொண்ணு தலையைச் சொறிந்தார்.

"என்னக்கா ஆச்சு? நடிக்கிற மாதிரியே இருக்கே. இயற்கையா இல்ல."

"இல்லையா?"

"சுத்தமா இல்ல. மன்னிச்சுக்குங்க, இதுக்கு நான் வேற ஆளைப் பாக்குறேன்."

அம்மா படியிறங்கி வந்தாள். கீழே டிரைவிங் ஸ்கூல் காரில் அப்பா காத்திருந்தார். நான் பின்சீட்டில். அம்மா பயிற்சியாளர் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"வேலை போச்சு."

"எந்த வேலை?"

"மூச்சு வாங்குற வேலை. எனக்கு வரலையாம்."

அப்பா கார்ச் சாவியைத் திருகினார். பிறகு, வாழ்நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்றே பாடம் நடத்திய மனிதர், ஆக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினார். கற்றுக்கொள்பவர் ஓட்டுகிறார் என்ற பலகை தலைமேல் ஆட, ஹாரன் அலற, கார் சீறிக் கிளம்பியது. தெருவில் போனவர்கள் ஒதுங்கி நின்று திட்டினார்கள். பிரேக் அம்மாவின் காலடியிலும் ஒன்று இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.